சிறியவை சிவந்துபோவது ஏன்

அன்புள்ள தங்கைக்கு,

ஐந்து வருடம் கழித்து எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் ஒரு தடவை படித்துவிட்டுக் கிழி.

இன்று காலை அலுவலகத்தில் என் ஆய்வை எல்லோருக்கும் விளக்கினேன். புது நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும்வரை ஒரு விண்மீன் மண்டலம் நீலமாக இருக்கும். பிறப்பு நின்றால் மெல்லச் சிவந்துவிடும். எடை அதிகமுள்ளவை எங்கே இருந்தாலும் தாமாகவே சிவக்கின்றன. சிறியவை அப்படியில்லை. தனியாக இருந்தால் நீலமாகவே இருக்கின்றன. பெரியவற்றின் கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் நட்சத்திரம் பிறக்க வேண்டிய வாயுவையெல்லாம் பறிகொடுத்துவிட்டுச் சிவந்துபோகின்றன.

புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள், "அப்போ அதுங்க மேல தப்பே இல்லையா மேடம்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உன் ஞாபகம் வந்தது.

நீ பாடுவதை நிறுத்தியபோது, "உன்கிட்ட சரக்கு அவ்வளவுதான்" என்றவள் நான்தானே. அப்பா, அண்ணன், நான் என்று ஆளுக்கொரு பக்கம் உன்னை அதட்டிக்கொண்டிருந்த வீடு. பெட்டியோடு வாசலில் நின்று, "இங்க மூச்சு விட முடியலக்கா" என்றாய். "நாங்கல்லாம் விடலையா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

அண்ணன் வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டான். அப்பாவும் இல்லை; அவர் அறையில் இப்போது துணி காயப்போடுகிறேன். ஒருத்திக்கு எவ்வளவு துணி இருந்துவிடப் போகிறது?

அந்தப் பெண்ணிடம், "இல்லம்மா, அதுங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன். உன்னிடம் சொல்லவேண்டியதை யாரோ ஒருத்தியிடம் முதலில் சொல்லிவிட்டேன்.

இப்போது பாடுகிறாயா? அதை மட்டும் ஒரு வரி எழுது. வீட்டுக்கு வா என்று கூப்பிடமாட்டேன்.

உன் அக்கா