எங்கள் வீட்டில் யாரும் ரொட்டி தின்பதில்லை

ஜூன் 3, செவ்வாய்

சின்னவளுக்குச் சீலியாக் நோய், கோதுமை ஒரு துணுக்கு உள்ளே போனாலும் குடல் புண்ணாகும் என்று டாக்டர் சொல்லி ஒரு வருடம். அன்றே ரொட்டி, பிஸ்கட், கேக் எல்லாவற்றையும் வீட்டை விட்டுத் துரத்தினேன். "அவ சாப்பிடாதத நாம யாரும் தொடக்கூடாது" என்று ஒரே போடாகப் போட்டேன். இன்று இரத்தப் பரிசோதனை சுத்தமாக வந்திருக்கிறது. லிஃப்ட் பழுது பார்க்கிறவனுக்கு இது பெரிய வித்தையா? கோளாறைக் கண்டுபிடி, கழற்றி எறி.

ஜூன் 9, திங்கள்

சின்னவள் தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போய்விடுகிறாள். தனியாகத்தான் சாப்பாடு. ஒன்பது வயதில் அப்படி என்ன வருத்தம்?

ஜூன் 14, சனி

பெரியவளின் பிறந்தநாள். கோதுமை இல்லாத கேக்; கல் மாதிரி இருந்தது. "சூப்பர்ப்பா" என்று சொல்லிப் பெரியவள் விழுங்கினாள். அதைப் பார்த்துச் சின்னவள் தேம்பித் தேம்பி அழுதாள். ஏன் என்று கேட்டதும் அறைக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"உங்க ஸ்பேனர் இதுக்கு உதவாது. மனநல ஆலோசகரப் பாப்போம்" என்றாள் மனைவி.

ஜூன் 19, வியாழன்

ஆலோசகர் என்னையும் உள்ளே கூப்பிட்டார். சின்னவள் தரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "என்னாலதான் அக்காவுக்கு நல்ல கேக் இல்ல. அப்பாவுக்குப் பிடிச்ச பன் இல்ல. நான் இல்லன்னா எல்லாரும் நல்லா சாப்பிடுவாங்க."

நான் இல்லன்னா! பெத்த பிள்ளை வாயில இருந்து இதையா கேக்கணும்? தியாகம் பண்றேன்னு நெனச்சு எல்லாத்தையும் அவ தலையில ஏத்தி வச்சிருக்கேன் — மடையன்.

"உங்க மேல கோபமில்ல சார். அவ மேலயே அவளுக்குக் கோபம்" என்றார் ஆலோசகர். வாராவாரம் வரச் சொல்லியிருக்கிறார். வருவோம்.

ஜூன் 22, ஞாயிறு

ஒரு பன் வாங்கி வந்து சின்னவளிடம் காட்டினேன். "இத அப்பா எங்க வச்சு சாப்பிடட்டும்? நீயே சொல்லு."

யோசித்தாள். "பால்கனியில. தனித் தட்டு. அப்புறம் சோப்பு போட்டுக் கை கழுவணும். வாயும்."

சரிங்க மேடம். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று நான் மெல்லுவதையே பார்த்தாள்.

"நல்லா இருக்கா?"

"சுமார்தான்."

"பொய் சொல்லாதப்பா."

"ரொம்ப நல்லா இருக்கு."

சிரித்துவிட்டாள். மிச்சத்தையும் தின்றுவிட்டு, சோப்பு போட்டுக் கை கழுவினேன். வாயும்.

ஜூலை 20, ஞாயிறு

காலையிலேயே சாப்பாட்டு மேசையில் ரகளை. "பால்கனிக்குப் போகாம என் நாற்காலியில ஒக்காந்து பிஸ்கட் தின்னியா? எந்திரி! தொடைச்சுக் குடு!" என்று அக்காவின் பின்னலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள் சின்னவள். ஒரு வருடமாக இவள் யாரோடும் சண்டையே போடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மனைவி விலக்கிவிடப் போனாள். கையைப் பிடித்து நிறுத்தினேன்.