பேனருக்கு நான் அனுப்பிய போட்டோ

அந்துவான் அப்பாவுக்கு, குவைத்திலிருந்து உஷாராணி வணக்கத்துடன் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நலம். உங்கள் இருமல் குறைந்ததா? போனில் பேசினால் அழுகை முந்திக்கொள்கிறது, அதனால்தான் கடிதம்.

இந்த வீட்டுப் பிள்ளைகளோடு ஒரு படம் பார்த்தேன். பங்களாப் பையன்களும் குடிசைப் பையன்களும் கும்பல் சேர்ந்து அடித்துக்கொள்கிறார்கள். போலீஸ் குடிசைப் பையனைப் பிடிக்கிறது. கடைசியில் பங்களாப் பையனே வந்து, "நான்தான் அடித்தேன்" என்கிறான். பிள்ளைகளோடு நானும் கை தட்டினேன்.

நம் ஊரில் அப்படி யார் வருவார்கள்? திருவிழாவில் அடிதடி செய்த நிலக்காரர் வீட்டுப் பையன்கள் காலேஜுக்குப் போகிறார்கள். அந்த அடிதடியில் இல்லாத நம் பிள்ளை அந்துவான் கூர்நோக்கு இல்லத்தில் இருக்கிறான். திருவிழா பேனரில் இருந்த முகங்களைப் பார்த்துத்தானே பிடித்தார்கள்!

"எங்க செட்டு பேனரும்மா, என் மூஞ்சிதான் பெருசா வரணும். நல்லதா ஒண்ணு அனுப்பு" என்றான். கூலிங்கிளாஸ் போட்ட போட்டோவைத் தேடி எடுத்து நான்தான் அனுப்பினேன்.

அவனுக்கு இரண்டு பனியன் வாங்கிக் கொடுங்கள். ஜெபமாலை வைத்துக்கொள்ள விடுவார்களா என்று கேளுங்கள். அம்மா எப்போ வரும் என்று கேட்டால், இன்னும் பதினாறு மாதம் என்று சொல்லாதீர்கள். சீக்கிரம் என்று சொல்லுங்கள்.

மேடம் கூப்பிடுகிறார்கள்.

உஷாராணி