மன்னாரிலிருந்து வந்த கன்ட்ரி பாட்டுக்காரிக்கு

இன்று காலை பலேர்மோவில், பொலிதேயாமாவுக்குப் போகும் பேருந்தில் எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் சின்னத் தகர டப்பா ஒன்றைத் திறந்து கறுப்பு மிட்டாய் ஒன்றை வாயில் போட்டாள். அதிமதுர வாசனை. சட்டென்று திரும்பினேன். நீ இருக்கமாட்டாய் என்று தெரிந்தும் திரும்பினேன்.

அந்த டப்பா இல்லாமல் நீ எங்கும் பாடப் போனதில்லை. "எங்கடை அதிமதுரம்தானடி இது. இஞ்சை மிட்டாய் எண்டு விக்கிறாங்கள்" என்று எனக்கும் ஒன்று நீட்டுவாய். எனக்கு அந்தக் கசப்பு பிடிக்காது. வாங்கிக்கொண்டு, நீ பார்க்காத நேரத்தில் கைலேஞ்சிக்குள் துப்பிவிடுவேன். இன்று இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். வேலைக்குப் பிந்திப் போய்ச் சேர்ந்து, ஜன்னல் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோதும் மனம் நாம் பாடப் போன அந்தப் பிறந்தநாள் விருந்திலேயே நின்றது.

கிழமை நாட்களில் நாம் இருவரும் வீட்டு வேலைக்காரிகள். சனி ஞாயிறில் கச்சேரிக்காரிகள். ஒரேத்தோப் பக்கத்து மண்டபங்களில் நம் சனங்களின் முதல் நன்மை, கலியாணம், சாமத்தியவீடு எதுவென்றாலும் உன் குரலும் என் கிற்றாரும் இருக்கும். அங்கே கேட்பதெல்லாம் சினிமாப் பாட்டு. நீயும் குறை வைக்காமல் பாடுவாய். ஆனால் தனியே இருக்கும்போது உன் வாயில் வருவது கன்ட்ரி பாட்டுத்தான். ஞாயிறு பூசை முடிந்து வந்து உன் அப்பா வானொலியில் கேட்ட ஆங்கிலப் பாட்டுகள். பொருள் தெரியாத வயதிலேயே சொல் சொல்லாகப் பிடித்து வைத்திருந்தாய். வீட்டைவிட்டுப் போனவன், ரயிலைத் தவறவிட்டவள், மழையில் நனைகிற லொறிக்காரன். "இவங்கள் அழுறதெண்டாலும் தாளம் தப்பாமல்தான் அழுவாங்கள். அதுதானடி எனக்குப் பிடிப்பு" என்பாய்.

நீ சட்டைகளுக்கு அயர்ன் பண்ணிக்கொண்டு பாடியதை அந்த வீட்டு எசமானி, உன் சிஞ்ஞோரா, கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா இளமையில் டெக்சாஸில் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தவர். எண்பதாவது பிறந்தநாள் வருகிறது, மொந்தெல்லோ வீட்டுத் தோட்டத்தில் விருந்து, அவர் டெக்சாஸில் கேட்ட பாட்டுகளைப் பாட பலேர்மோவில் ஆள் கிடைக்கவில்லை என்றாராம். "எங்களிட்டை ஒரு குழு இருக்கு" என்று நீ சொல்லிவிட்டாய். குழு என்றால் நீயும் நானும்!

விருந்து நாள் பின்னேரம் தோட்ட வாசலில் சிஞ்ஞோராவின் தம்பி நின்றார். நம்மைப் பார்த்துவிட்டு நமக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார்.

"இசைக்குழு எங்கே?"

"நாங்கள்தான்" என்றாய்.

அவர் அக்காவைக் கூப்பிட்டு, நமக்கு இத்தாலி மொழி விளங்காது என்பது போல, "தலையில் ஒரு கவ்போய்த் தொப்பிகூட இல்லை. அப்பா இவர்களைப் பார்த்து என்ன நினைப்பார்?" என்றார். சிஞ்ஞோரா சிவந்துபோனார். நீ மட்டும் சிரித்துக்கொண்டே, "தொப்பி பாடாது, சிஞ்ஞோரே. எங்கே நிற்கவேண்டும் என்று காட்டுங்கள்" என்றாய்.

எலுமிச்சை மரங்களுக்குப் பின்னால் நான் நரம்புகளை முறுக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோதுதான் அதைச் சொன்னாய். பல்லிடுக்கில் அகப்பட்ட ஏதோ ஒன்றைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாய்.

"வாற செவ்வாய் கழுத்திலை ஒப்பரேசன். தைரோயிட்டிலை கட்டியாம்."

என் கை நின்றுவிட்டது.

"கட்டி மோசமானதில்லை எண்டு சொல்லிப்போட்டினம். ஆனா பக்கத்திலைதானாம் குரலுக்குப் போற நரம்பு. குரல் பழையபடி வருமோ எண்டு டொக்டருக்கே தெரியாதாம்."

"ஏனடி முந்தியே சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா நீ இண்டைக்குக் கிற்றாரைத் தொட்டிருக்க மாட்டாய். என்ரை மூஞ்சையைப் பாத்துக்கொண்டு நிண்டிருப்பாய்." பிறகு என் தோளில் கை வைத்தாய். "எனக்குத் தெரிஞ்ச எல்லாத்தையும் இண்டைக்குப் பாடப்போறன். களைச்சுப்போனாய் எண்டு மட்டும் என்னை நிப்பாட்டிப்போடாதை."

முதல் இரண்டு பாட்டும் எடுபடவில்லை. ஆட்கள் தட்டுகளோடு நின்று தங்கள் பாட்டில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். சுடுகிற இறைச்சியின் புகை நம் பக்கம்தான் வந்தது. நான் இரண்டு இடத்தில் பிழையாக வாசித்தேன். பிறந்தநாள்காரர் மேசைத் தலைப்பில் கோட்டும் சூட்டுமாகக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிரவேயில்லை.

மூன்றாவதாக நீ மெதுவான பாட்டொன்றை எடுத்தாய். ஊருக்குத் திரும்ப நினைத்து நினைத்து, ஒவ்வொரு முறையும் பாதி வழியில் இறங்கிவிடுகிறவன் ஒருவனின் பாட்டு. இரண்டாவது அடியில் கிழவர் முள்ளுக்கரண்டியை வைத்தார். மூன்றாவது அடியில் தடியை ஊன்றி எழும்பினார். மகன் பிடிக்க ஓடினார். கையைத் தட்டிவிட்டு நேரே உன் முன்னால் வந்து நின்றார். பாட்டு முடியும்வரை அசையவில்லை. முடிந்ததும், எத்தனையோ காலமாக வாயில் எடுக்காத டெக்சாஸ் ஆங்கிலத்தில் கேட்டார்.

"எந்த ஊர் நீ?"

"மன்னார்."

கொஞ்சம் யோசித்தார். "அது டெக்சாஸில் எந்தப் பக்கம்?"

"கடற்கரைப் பக்கம்" என்றாய், முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லாமல்.

அவர் விளங்கிக்கொண்டு தலையாட்டியதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அங்கேயே கதிரை கொண்டுவரச் சொல்லி உன் எதிரில் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொன்றாகக் கேட்டார். பாட்டின் பெயர் ஞாபகம் வராவிட்டால் மெட்டை முனகிக் காட்டினார். நீ அடுத்த அடியைப் பிடித்துக்கொண்டாய். தட்டோடு நின்றவர்கள் மெல்ல மெல்லச் சுற்றி வந்தார்கள். கிழவர் பாட்டு முனகி அதற்கு முன் தாங்கள் கேட்டதேயில்லை என்று யாரோ பின்னால் சொன்னார்கள். சிஞ்ஞோரா அழுதார். தொப்பி கேட்ட தம்பி தன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு புல்லில் இறங்கி ஆடினார்.

கடைசிப் பாட்டில்தான் நீ எனக்குச் சொல்லாமல் ஒன்று செய்தாய். மெட்டு கன்ட்ரி மெட்டு, சொற்கள் தமிழ். அந்த நிமிடத்தில் நீயே கட்டியவை. அங்காலைக் கரையில் யாரோ விளக்கேற்றி வைத்திருக்கிறார்கள், காற்றே கொஞ்சம் பொறு என்று வந்தது. உன் கழுத்து நரம்பு புடைத்து நின்றது. நான் உன்னைப் பார்க்காமல் கிற்றாரையே பார்த்து வாசித்தேன். பார்த்திருந்தால் வாசித்திருக்க மாட்டேன். முடிந்ததும் கிழவர் உன் இரண்டு கைகளையும் பிடித்து, "இந்தப் பாட்டும் எனக்குத் தெரியும்" என்றார்.

தம்பிதான் காரில் கொண்டுவந்து விட்டார். என் கிற்றாரைத் தானே படியேற்றிக் கொடுத்தார். அன்று நீ அழவில்லை.

அழுதது பிறகுதான். ஒப்பரேசனுக்குப் பிறகு பல கிழமைகள் உனக்கு மூச்சுக்காற்று மட்டும்தான் வந்தது. பின்பு குரல் வந்தது. தாழ்ந்து, மணலில் இழுபட்ட வள்ளம் போலக் கரகரத்து. கோயிலில் பாடகர் பக்கம் வராமல் கடைசி வாங்கில் போய் இருந்தாய். நான் ஒரு மத்தியானம் கிற்றாரோடு உன் வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்துவிட்டு நீ திரும்பிப் போய்ப் படுத்தாய்.

"எழும்படி" என்றேன்.

"என்ரை குரல் போட்டுது. வேறை ஆற்றையோ குரலைத் தந்து விட்டிருக்கினம்."

"அந்தக் குரல்காரியை இருத்திப் பாப்பம். என்ன பாடுறா எண்டு கேப்பம்."

நரம்புகளைத் தளர்த்திச் சுருதியை நன்றாக இறக்கினேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு அடி பாடினாய். நின்றாய். திரும்பவும் அதையே பாடினாய். பிறகு எழும்பி உட்கார்ந்து, "ஆம்பிளையின்ரை குரல் மாதிரிக் கிடக்கு" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். அன்று பொழுதுபடும்வரை நாம் நிறுத்தவில்லை.

அடுத்த பிறந்தநாளுக்கும் கிழவர் நம்மைக் கூப்பிட்டார். முதல் பாட்டைக் கேட்டுவிட்டு உன்னை நெடுநேரம் பார்த்தார். "போன வருடம் அழகாகப் பாடினாய்" என்றார். "இந்த வருடம் நீ சொல்வதை நான் நம்புகிறேன்." வீடு போய்ச் சேரும்வரை நீ அதையே எனக்குத் திருப்பித் திருப்பிச் சொன்னாய். அந்தக் குரலோடுதான் நாம் பலேர்மோவின் எத்தனை தோட்டங்களில், மொட்டை மாடிகளில் பாடினோம்! சினிமாப் பாட்டு கேட்டவர்கள்கூட நம் மண்டபங்களில் "அந்த வெள்ளைக்காரப் பாட்டு ஒண்டு பாடுங்கோவன்" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

உன்னைக் கொண்டுபோனது தொண்டை அல்ல. ஒரு மழைக்காலக் காலையில், வேலைக்கு வெளிக்கிடும் நேரத்தில், நெஞ்சு. அதன் பிறகு நான் கிற்றாரைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டேன். யாராவது விழாவுக்குக் கேட்டால், "பாட ஆளில்லை" என்பேன். அது உண்மையும்தான். நான் வாசிக்கிறவள். ஒருநாளும் ஒலிவாங்கிக்கு முன்னால் வாய் திறந்தவள் அல்ல.

போன மாதம் சிஞ்ஞோரா போன் எடுத்தார். அவருடைய மகளுக்கு நிச்சயதார்த்தம். தாத்தாவின் பாட்டுகள் வேண்டுமென்று பெண் ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். வழக்கம்போல மறுக்கத்தான் இருந்தேன். இங்கேயே பிறந்து வளர்ந்த உன் மகள் அப்போது என் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். கையை நீட்டிப் போனை வாங்கி, இந்த ஊர்ப் பெண்களைப்போலவே சொற்களை இழுத்து இழுத்து, "வருகிறோம், சிஞ்ஞோரா" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

"ஆரடி பாடுறது?" என்று கத்தினேன்.

"அல்லோரா, பிறகென்ன, அன்ரி, நீங்க பாடுங்கோ. நான் கூடப் பாடுறன்."

"எனக்குக் குரல் இல்லைப் பிள்ளை."

"அம்மாக்கும் ஒருக்கா இல்லாமல்தானே போனது?"

உன் பிள்ளையை மடக்குகிற வித்தையை நீயாவது எனக்குச் சொல்லித் தந்துவிட்டுப் போயிருக்கலாம்.

போன சனிக்கிழமை அந்தத் தோட்டத்தில் நாங்கள் இருவரும் நின்றோம். என் குரல் மெல்லியது. முதல் பாட்டில் ஒரு அடியை மறந்தே போனேன். உன் மகள் அதைத் தூக்கிக்கொண்டாள். மூன்றாவது பாட்டில் பயம் விட்டுப்போனது. அந்தப் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து கலியாணத்துக்கும் பாடவேண்டும் என்று கேட்டார்கள். யோசிக்க முன்னம் "ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். இப்போது பின்னேரங்களில் இரண்டு பேரும் பழகுகிறோம்.

நீ ஒருநாளும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பாட்டைத் தொடங்கியதில்லை. மூச்சை மட்டும் உள்ளே இழுப்பாய். அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் கையை இறக்குவேன். இத்தனை வருடமும் அதை உன் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். சனிக்கிழமை ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றபோது எனக்கும் எண்ணத் தோன்றவில்லை. மூச்சை இழுத்தேன். பக்கத்தில் உன் மகள் அதைக் கேட்டுத் தானும் இழுத்தாள். இருவரும் ஒன்றாகத் தொடங்கினோம்.