பிளாக்கிக்கு ஆடுகள் கிடைத்தன, அண்ணா

என் செல்ல அண்ணாவுக்கு,

இதை எழுத உட்கார்வதும் எழுவதுமாகவே இருக்கிறேன். உன் நாய் பிளாக்கி கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்து தேய்கிறது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு வந்த களைப்போடு, தினமும் அதைக் காசிமேட்டுக் கடற்கரையில் எப்படித்தான் ஓடவிட்டாய்?

"பார்டர் கோலிம்மா. ஆடு மேய்க்கிற ஜாதி. வேல இல்லாங்காட்டி வூட்ட ரெண்டாக்கிடும்" என்பாய். சிரிப்பேன். நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து, எங்களை விட்டுப் போன பிறகுதான் புரிந்தது. செருப்பு, தலையணை, அம்மாவின் முட்டிவலித் தைலம்வரை போயிற்று. மாடிப்படியில் விளையாடும் பிள்ளைகளைச் சுற்றி வளைத்து மூலையில் நிறுத்துகிறது. தப்பி ஓடினால் குதிகாலைக் கவ்வுகிறது. காயம் இல்லைதான். பெற்றவர்கள் சும்மா இருப்பார்களா?

"நாயி இன்னா போலீசா? இத்த எங்கனா குட்த்துடு, ஸ்டெல்லா" என்றார் கீழ்வீட்டு அக்கா. அம்மாவும் தலையாட்டினாள்.

வெயில் தாங்காதே என்று முடியை மழிக்கக் கொண்டுபோனேன். கால்நடை மருத்துவர் திட்டினார். அந்த முடிதான் வெயிலையும் தடுக்குமாம். நன்றாகச் சீவிவிட்டு, வெயில் ஏறுமுன் ஓடவிட்டு, மூளைக்கும் வேலை கொடுக்க வேண்டுமாம். இரண்டு அறை வீட்டில் நான் என்ன வேலை கொடுப்பேன்?

எண்ணூரில் ஒருவர் வளர்த்துக்கொள்கிறேன் என்றார். கொடுத்துவிடத்தான் ஆட்டோவில் கிளம்பினேன். எர்ணாவூர் தாண்டியதும் நெரிசல். ஏதோ ஒரு லாரி அடித்த ஹாரனில் மிரண்ட ஆடுகள் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சிதறி ஓடின. ஆட்டுக்காரம்மா குட்டியொன்றை அணைத்துக்கொண்டு அலறினாள். பிளாக்கி என் கையிலிருந்து கயிற்றை உருவிக்கொண்டு குதித்தது.

கத்தினேன் அண்ணா. உன்னைத் தொலைத்தது போதாதா?

அது குரைக்கவே இல்லை. வயிறு தரையில் உரசப் பதுங்கி, ஆடுகளை முறைத்து முறைத்தே ஓரத்து மண்ணுக்குத் தள்ளியது. ஒன்றுகூட விடுபடவில்லை. ஆடு மேய்த்து அது பார்த்ததே கிடையாதே?

"யம்மா, எனக்கே அடங்காதுங்க இதுங்க! தெனம் இட்டுக்கினு வா இந்த நாய" என்றாள் அவள்.

ஆட்டோவை அப்படியே திருப்பச் சொன்னேன். எண்ணூர்க்காரருக்குப் போனில் மன்னிப்புக் கேட்டேன். பிளாக்கியோடு திரும்பி வந்த என்னைப் பார்த்து, "மறுபடியுமா?" என்றாள் அம்மா. பிறகு அவளே அதற்குத் தண்ணீர் வைத்தாள்.

இப்போது உன் ஸ்கூட்டரில் அதை முன்னால் நிறுத்திக்கொண்டு விடியலிலேயே அந்த ஆடுகளை மேய்க்க எர்ணாவூர் போகிறேன். பிள்ளைகளின் குதிகால்கள் தப்பின. ஆனாலும் சாயங்காலம் துறைமுகத்து ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் அதற்கு நிலைகொள்ளவில்லை. எனக்குமில்லை. உன்னைப் பற்றி அதனிடம் என்ன சொல்வது?

இதை யாருக்கும் கொடுக்க மாட்டேன். அதன் கால் ஓயும்வரை என் காலும் ஓயாது.

பிளாக்கியின் பின்னால் மூச்சிரைக்க ஓடும்
உன் தங்கச்சி ஸ்டெல்லா