பதினேழாவது ஜெபக்குறிப்பு

என் அன்பு மகள் குருவிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் கர்த்தருடைய கிருபையால் சுகமாயிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் பேனாவைத் தொட்டேன். இங்கே அப்பா நலம். நானும் நலம்தான், தொண்டையைத் தவிர.

எனக்குக் குரல் போய்விட்டது என்று அப்பா போனில் அரைகுறையாகச் சொல்லியிருப்பார். நீ ஊருக்குத் திரும்பிய மறுவாரம் நம் மாதர் சங்க ஆண்டுக்கூட்டம் நடந்ததல்லவா, அதில் மூன்று நாள் விடாமல் மைக் பிடித்தேன். நாலாம் நாள் காலையில் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது, குசுகுசுப்பதுகூடக் கூடாது என்று கண்டித்துச் சொல்லிவிட்டார். உன் அப்பாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! “முப்பது வருஷமா பண்ணின ஜெபத்துக்கு இப்பதான் பதில் வந்திருக்கு” என்று பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டினேன்.

பள்ளிக்கூட ஆபீசில் லீவு கொடுத்துவிட்டார்கள். பேசாத கிளார்க்கை வைத்துக்கொண்டு அவர்கள்தான் என்ன செய்வார்கள்? ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை வேறொரு டீச்சர் பார்த்துக்கொள்கிறார். ஆஸ்பத்திரியில் இருப்பவர்களைப் பார்க்கப் போதகரம்மாவே போய்வருகிறார். பாடகர் குழுவில் என் இடத்தில் மருந்துக்கடைக்காரர் மனைவி நிற்கிறாள், நன்றாகவே பாடுகிறாளாம். நான் ஒரு நாள் போகாவிட்டால் கோயில் கூரை இறங்கிவிடும் என்று இருந்தவள் நான். கூரை ஜம்மென்று நிற்கிறது. அதில் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

முதல் சில நாள் சும்மா உட்காரவே முடியவில்லை. பட்டப்பகலில் நாற்காலியில் சாய்ந்தால் திருட்டுத்தனம் பண்ணுவதுபோல் இருந்தது. வாசல் மணி அடித்தால் துடைப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கதவைத் திறந்தேன். ஜெபம் பண்ணினாலும் நிம்மதியில்லை. இன்னாருக்கு ஆபரேஷன், இன்னார் மகளுக்கு வேலை என்று ஆண்டவருக்கே வருகைப் பதிவேடு வாசித்துக் காட்டிவிட்டு எழுந்தேன்.

அப்படிக் கை பரபரத்துத்தான் ஜெபப்பெட்டிச் சீட்டுகளை அடுக்கலாம் என்று எடுத்தேன். கோயில் வாசல் பெட்டியில் பெயர் போடாமல் எவரும் விண்ணப்பம் எழுதிப் போடலாம். சனிக்கிழமை பெட்டியைத் திறந்து, சீட்டுகளுக்கு எண் போட்டு, மறுநாள் பெண்கள் கூட்டத்தில் வாசிப்பது என் பொறுப்பு. நீ வந்திருந்த வாரத்துச் சீட்டுகளில் பதினேழாவது மஞ்சள் தாள். நம் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டிவைக்கும் தாள். எழுத்து உன்னுடையது.

“என் அம்மாவுக்கு ஒரு மணி நேரம் ஓய்வு கிடைக்க ஜெபியுங்கள். ஊருக்குத் திரும்புமுன் அவரிடம் ஒன்று சொல்ல வேண்டும்.”

குருவி, இந்தச் சீட்டை நான் அந்த வாரப் பெண்கள் கூட்டத்திலேயே பார்த்தேன். ஆனால் நேரமாகிவிட்டதே என்று அரைக்கண்ணால் பார்த்துவிட்டு, பதினேழு, வேலைப்பளுவில் இருக்கும் தாய்மார்களுக்காக என்று மைக்கில் சுருக்கிவிட்டேன். அதோடு விட்டேனா? ஊழியம் செய்கிற தாயைப் பிள்ளைகள் புரிந்து நடக்க வேண்டும் என்று ஐந்து நிமிடம் பிரசங்கம் வேறு. நீ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாய். எல்லோரோடும் சேர்ந்து ஆமென் சொன்னாய். நான் உன்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என் முகத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பதினொரு நாள் இருந்தாய். தனியாக வந்தாய். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்றாய், நானும் சரி என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். மெலிந்துவிட்டாயே என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். சொன்ன வாயோடு ஆண்டுக்கூட்டத்துக்கான முந்நூறு பேட்ஜையும் ரிப்பனையும் உன் மடியில் கொட்டிக் குத்தச் சொன்னேன். “அம்மா, கொஞ்சம் வந்து உட்காரேன்” என்று நீ கூப்பிடும்போதெல்லாம் இதோ வருகிறேன் என்றேன். ஒரு தடவைகூட வரவில்லை.

ஒரு நாள் காலையில் துணி மடித்துக்கொண்டே கேட்டாய். “எனக்கு முன்னாடி ஒரு குழந்தை வயித்துலயே தவறிப்போச்சுன்னு அப்பா சொல்லியிருக்காரே, அப்ப நீ எப்படிம்மா இருந்தே?” என்று. நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு நின்றேன். “அதெல்லாம் பழைய கதை, உட்கார்ந்து அழ எங்கடி நேரம் இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு யாருக்கோ ஹலோ சொன்னேன். நீ மிச்சத் துணியை மடித்து அலமாரியில் வைத்தாய். பெற்றவளுக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா?

நீ கேட்டதற்கு உண்மையான பதிலை எழுதுகிறேன். அழ நேரம் இருந்தது. எனக்குத்தான் பயம். நாலு மாதம் வயிற்றில் இருந்த குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாளே ஆபீசுக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. வீட்டில் இருந்தால் கை தானாக வயிற்றுக்குப் போனது, கைக்கு வேலை கொடுக்க வேண்டியிருந்தது. அந்த மாதமே பாடகர் குழுவில் சேர்ந்தேன், பிறகு ஓய்வுநாள் பள்ளி, பிறகு சங்கம். என்ன ஒரு பக்தியான பெண் என்று மெச்சினார்கள். எல்லாம் ஆண்டவருக்காக என்றுதான் நானும் நினைத்தேன். உண்மையில் அவர் எதிரே சும்மா உட்கார்ந்தால் ஏன் எடுத்துக்கொண்டீர் என்று கேட்டுவிடுவேனோ என்று பயந்து, அவர் வீட்டுக்குள்ளேயே அவருக்குப் பிடிகொடுக்காமல் ஓடியிருக்கிறேன்.

நேற்று கேட்டுவிட்டேன். பின்கதவுப் பக்கம் நாற்காலியைப் போட்டு, கையில் எதையும் வைத்துக்கொள்ளாமல் உட்கார்ந்து, வாய் திறக்காமலே கேட்டேன். பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் என்னை யாரும் எழுந்து போகச் சொல்லவும் இல்லை. வெகுநேரம் அழுதேன், அப்படியே தூங்கியும் போனேன். விழித்தபோது வெயில் சுவரைத் தாண்டிப் போயிருந்தது, அப்பா காபி போட்டு மூடி வைத்திருந்தார். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு இளைப்பாறுதலை நான் அறிந்ததில்லை. நீ எனக்காகக் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது, கண்ணு. நீ போன பிறகு கிடைத்தது. அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

மாதர் சங்கச் செயலாளர் பொறுப்பை விட்டுவிட்டதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். போதகரம்மா பதறிக்கொண்டு வந்து, “என்னக்கா இது, பிசாசு பண்ற வேலையா இருக்கும், விட்டுக்கொடுக்காதீங்க” என்றார். நான் அவருக்கு ஒரு நாற்காலியைப் போட்டேன். பாவம், அவருக்கும் கண்ணுக்குக் கீழே கருவளையம். சீட்டைப் பற்றி அவரிடம் மூச்சு விடவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை. இனி எந்தப் பட்டியலிலும் உன்னை நான் வாசிக்க மாட்டேன்.

என் மனதில் ஓடுவது சரியா என்று உன்னிடம் கேட்கவில்லை. தப்பாக இருந்தால் எவ்வளவோ நல்லது. மன்னித்துவிடு என்று எழுதி இரண்டு முறை அடித்துவிட்டேன். இருக்கிற பாரத்தோடு என்னை மன்னிக்கிற வேலையையும் உன் தலையில் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

மெசேஜாக அனுப்பப் பார்த்தேன், இரண்டு வரிக்கு மேல் விரல் ஓடவில்லை. அதனால் இதைக் கூரியரில் போடுகிறேன், நாலு நாளில் சேர்ந்துவிடும் என்கிறார்கள். அதற்குப் பிறகும் எனக்கு ஒன்பது நாள் பேச்சு கிடையாது. பேச ஆரம்பித்தால் ஆறுதல் சொல்வேன், வசனம் சொல்வேன், என் கதையை எடுத்து நீட்டுவேன், உன் அம்மாவை உனக்குத் தெரியாதா? அதனால் அந்த ஒன்பது நாளைக்குள் ஒரு நாள் கூப்பிடு. போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சொல்ல முடிந்தால் சொல், முடியாவிட்டால் அழு, இல்லை ஒன்றுமே பேசாமல் இரு. நீ வைக்கும்வரை நான் வைக்க மாட்டேன்.

உன்னைக் கருவிலேயே அறிந்தவர் உன்னைத் தம் மார்போடு அணைத்துக்கொள்வாராக.

இப்படிக்கு,
உனக்காக உட்கார்ந்திருக்கும்
அம்மா