குளத்துக்கரை மருதுகளும் உன் வீட்டுக் கைமரங்களும்

அன்பு மகன் காஜா முகைதீனுக்கு, வாப்பா சொல்லச் சொல்ல உன் சம்சாரம் நிலோஃபர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எங்கள் உடம்புக்கு அல்லாஹ் குறை வைக்கவில்லை, சவூதியில், தம்மாமில் நீ எப்படி இருக்கிறாய், குவைத்துச் சண்டை உங்கள் பக்கமும் வரும் என்று டீக்கடை ரேடியோவில் சொன்னதிலிருந்து உன் உம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் கேன்களை வரிசையில் வைத்துவிட்டுப் பெண்கள் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள், எண்ணெய் வண்டி வருவதில்லை. அதனால் போன ஜும்ஆ முடிந்ததும் குளத்துக்கரை மருத மரங்களை வெட்டி வீட்டுக்கு வீடு விறகாகப் பிரித்துக்கொள்வது என்று ஜமாஅத்தில் முடிவெடுத்தார்கள். ஜெர்மன்காரன் சண்டையில் பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடியதே, அந்தக் கரிக்காக இதே கரையின் மரங்களைச் சாய்த்தார்கள். அடுத்த ஐப்பசி மழையில் கரை உடைந்து வயலெல்லாம் மணல் மூடியது, சில வருசம் நெல்லைக் கண்ணால் காணவில்லை. இப்போது நிற்பவை அதன்பிறகு நாங்கள் நட்டவை. மறுநாள் கோடரியோடு வந்தவர்களிடம் இதைச் சொல்லி மறித்தேன். கொப்பு பொறுக்க வந்திருந்த கமர் நிஷா, அவள் மகன் குவைத்தில்தான், உயிரோடிருக்கிறானா என்றே தகவல் இல்லை, அவள் என்னிடம் கேட்டாள்: "கரை ஒடைஞ்சா வாற வருசம் பட்டினி மாமா. அடுப்பு எரியலன்னா இன்னைக்கே பட்டினி. எம் பேத்தி எதத் தாங்குவா, நீங்களே சொல்லுங்க." மழை முடியும்வரை கரையைத் தொடாதீர்கள், விறகு நான் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். நீ கட்டப்போகும் வீட்டுக் கூரைக்கென்று சாத்தான்குளத்திலிருந்து வாங்கி அடுக்கியிருந்த பனங்கைமரங்களை அறுத்து, குவைத்துப் பணம் நின்றுபோன வீடுகளுக்குக் கொடுத்துவிட்டேன். இந்த இடத்தில் நிலோஃபர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எழுதம்மா, வேறு ஆள் சொல்லி அவன் கேட்கக் கூடாது என்றேன். அழுதுகொண்டேதான் எழுதுகிறாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்தது தப்புத்தான்.

காலையிலிருந்து மழை பிடித்திருக்கிறது, குளம் பாதிக்குமேல் ஏறிவிட்டது, கரை நிற்கிறது. ஆனால் விறகு தீர்ந்தால் மறுபடி கோடரி எடுப்பார்கள், அப்போது கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

நீ பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கேட்டு வாங்கிக் கையில் வைத்துக்கொள். தண்ணீரும் ரொட்டியும் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். போன கைமரத்தை மறுபடி வாங்க வேண்டுமே என்று அந்த நெருப்புக்குப் பக்கத்தில் இன்னும் ரெண்டு வருசம் இருக்க நினைத்துவிடாதே. கூரை பைய வரட்டும். என்மேல் கோபம் இருந்தால் கடிதத்தில் எழுதாதே மகனே, நேரில் வந்து திட்டு, உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். அல்லாஹ் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பானாக.

ஐந்து வேளையும் உனக்காகக் கையேந்தும் வாப்பா,
அசன் முகம்மது (பெருவிரல் ரேகை)