விளிம்பில் தைத்த ஈயம்

குருநகர்
16.08.1992

அன்பு மகள் சிசிலியாவுக்கு,

மாதாவின் காவலில் நீ நலமாயிருக்க மன்றாடுகிறோம். இங்கே நாங்களும் சுகம் என்று வழக்கம்போல எழுதத் தொடங்கினேன். பிறகு அந்த வரியை வெட்டிவிட்டேன்.

உன் கடிதம் செஞ்சிலுவைக்காரர் மூலம் இரண்டு மாதம் கழித்துக் கிடைத்தது. நோர்வேயில் குளிர் என்கிறாய். இங்கே மழையில்லை. மண்ணெண்ணெய் இல்லை. கடலுக்குப் போகத் தடை, படகுகள் கவிழ்த்தபடி கிடக்கின்றன. பள்ளிக்கூடம் மட்டும் நடக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைகளின் உயரமும் நிறையும் எடுக்கிறோம். நாலாம் வகுப்பில் இருபது கிலோவுக்குக் குறைந்தவர்களுக்குத்தான் சத்துமா. நான் தராசின் முள்ளைப் பார்த்து உரத்துச் சொல்ல, மரியரட்ணம் ரீச்சர் கொப்பியில் எழுதுவா. தை மாதம், எங்கடை படகு முதலாளி சம்மாட்டியின் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற வின்சன்ற்றின் மகள் பெர்னடெட் ஏறினாள். ஒன்பது வயது. பத்தொன்பது கிலோ. சோளகக் காத்துக்கு உன்னைக் கல்லுக் கட்டித்தான் வைக்கவேணும் பிள்ளை என்றேன். வகுப்பே சிரித்தது. நானும்தான். அன்றிலிருந்து பிள்ளைகள் அவளைக் காத்தாடி என்று கூப்பிட்டார்கள்.

சித்திரையில் இருபதரை. எனக்குச் சந்தோஷம். உயரம் நூற்றுப்பதினெட்டு, தையில் சுவரில் கீறிய அதே கோடு. கணக்குப் படிப்பிக்கிறவன் நான். கொஞ்சமும் வளராத பிள்ளை இந்தப் பஞ்சத்தில் எப்படி ஒன்றரைக் கிலோ கூடினாள் என்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. கூடிய எண் ஒன்றைக் காண ஆசைப்பட்டிருந்தேன் போல. பட்டியலில் அவள் பெயரை என் கையாலேயே வெட்டினேன்.

போன மாதம் நிறுக்கிற வரிசையில் நின்றபடியே விழுந்தாள். சட்டை விளிம்பு சீமெந்தில் டக்கென்று அடித்தது. மரியரட்ணம் ரீச்சர் தையலைப் பிரித்தா. தகப்பனுடைய வலையில் கிடந்த ஈயக் குண்டுகள். சத்தம் வராமல் இடையிடையே பழந்துணி வைத்து, ஐம்பத்திரண்டு. நல்ல தையல். கழற்றி நிறுத்தால் பதினேழரை. ஏன் பிள்ளை என்று கேட்டேன். நீங்கள் பேந்தும் சிரிப்பியள் எண்டுதான் சேர் என்றாள். ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த வின்சன்ற், வலையிலை ஈயம் குறையக் குறைய எலியைத்தான் ஏசினன் மாஸ்டர் என்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்று மாதச் சத்துமா அவளுக்கு இல்லாமல் போனது என்னால். இன்னும் ஆஸ்பத்திரி வாட்டில்தான் கிடக்கிறாள். தேறுவாள் என்கிறார் டொக்டர். நின்றுபோன உயரம் திரும்ப வருமோ என்று கேட்டேன். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். இனி நிறையை நான் உரத்துச் சொல்வதில்லை. பார்த்து நானே எழுதுகிறேன். பிந்திய புத்தி.

நேற்றுத் தராசை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உதென்ன, நான் என்ன சந்தைச் சரக்கோ என்று அம்மா மறுத்தா. பிறகு ஏறினா. முப்பத்தெட்டு. நீ நோர்வேக்குப் போன வருஷத்து ஆஸ்பத்திரித் துண்டில் அவ ஐம்பத்தொன்று. என் சாப்பாட்டுக் கோப்பைக்கு அவ தள்ளிவிட்ட சோறெல்லாம் அதில் தெரிந்தது. அம்மா நல்லாயிருக்கிறா என்று போன மூன்று கடிதத்திலும் எழுதினேன், அவ பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல. நானும் உனக்கு ஈயம் தைத்துத்தான் அனுப்பியிருக்கிறேன், மகள்.

ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பாராக. ஞாயிறு பூசையை விடாதே. மூன்று நேரமும் சாப்பிடுகிறேன் என்று ஒவ்வொரு முறையும் எழுதுகிறாய். வருகிற படமெல்லாம் அந்தப் பெரிய கோட்டோடுதான். அடுத்த முறை கோட்டைக் கழற்றிவிட்டு ஒரு படம் எடுத்து அனுப்பு.

உன் அன்பு அப்பா,
ம. அருட்பிரகாசம்